ஸேகானின் உறைவிந்தும் எங்கள் ஊர்க் குளிரும்

என் கொழுந்தன் பைரோவுக்கு நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, ஸும்ரா மாதிரி ஒரு மனைவி இருக்கிறாள், ஸ்வீடனில் சம்பாதிக்கிற மகன் இருக்கிறான். புதிதாக ஒரு ஆள் வந்தால் இதில் எதையாவது சொல்வான் என்றுதானே நினைப்பீர்கள்? மாட்டான். "போன ஜனவரியில எங்க ஊர்ல மைனஸ் முப்பத்தஞ்சு" என்றுதான் ஆரம்பிப்பான். அந்தக் குளிரை அவனே மாவு பிசைந்து சுட்டெடுத்தது போல எடுத்து முன்னால் வைப்பான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பெஷ்டெர் என்கிற எங்கள் மலைமேட்டில் இருக்கிற எல்லா ஊருக்கும் இந்த வியாதி உண்டு. எங்கள் ஊரான லெதெனிக்கில் தொழிற்சாலை இல்லை, ரயில் இல்லை, பெண் கொடுக்கலாம் என்றால் ஒரு பையன் இல்லை. இருந்ததெல்லாம் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் போய்விட்டது. குளிரை மட்டும் யாரும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக முடியாததால் அது இங்கேயே கிடக்கிறது. இருக்கிற ஒரே சொத்து என்பதால் அதற்கு இத்தனை மரியாதை. காலையில் காப்பிக் கடையில் ஆண்கள் சந்தித்தால் சுகமா என்று கேட்பதில்லை, "உங்க வீட்ல எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். அடுத்தவன் வீட்டில் இரண்டு டிகிரி அதிகக் குளிர் என்றால் அன்றைக்குக் காப்பி இறங்காது.

பைரோ இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போனான். எல்லோரும் தெர்மாமீட்டரை ஜன்னலில் மாட்டினால், இவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றுப் பள்ளத்தில் கட்டை நட்டு மாட்டினான். சுற்றிலும் மேடு, நடுவில் ஆழமான பள்ளம். ராத்திரி குளிரெல்லாம் வழிந்து அதற்குள் போய்த் தேங்கிவிடும். மேலே முப்பது என்றால் கீழே முப்பத்தைந்து காட்டும். விடியற்காலையில் டார்ச் விளக்குடன் இறங்குவான். மேலே ஏறி வரும்போது மீசையில் ஐஸ் தொங்கும், முகத்தில் மாப்பிள்ளைக் களை. பக்கத்து ஊர்க்காரர்கள் அது திருட்டு அளவு என்று சொல்லி, ஆட்டுச் சந்தையில் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது.

"கொழுந்தனாரே, ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு வருஷம் ஒண்ணாச்சு. உன் பொண்டாட்டி அட்டையை ஒட்டி வச்சுக் குடித்தனம் பண்றா. பள்ளத்துல எறங்குற நேரத்துல அதை மாத்தக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணி, ஜன்னல் எல்லா ஊர்லயும் இருக்கு" என்றான்.

இதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

ஸும்ராவுக்குக் குளிரில் ஒரு பெருமையும் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் ஸேகான். ஸேகான் ஒரு காளை. குள்ளமான, சாம்பல் நிறத்து நாட்டுக் காளை. கல்யாணமாகி இங்கே வந்தபோது அவள் அப்பா தன் பட்டியில் இருந்து ஒரு பசுங்கன்றை ஓட்டிவிட்டார். அதன் பேத்தி வயிற்றுப் பேரன்தான் ஸேகான். பிறகு அப்பா போனார், அண்ணன் தம்பிகள் வீட்டை விற்றார்கள், வாங்கினவன் கூரையைப் பிரித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனான். இன்றைக்கு அந்த இடத்தில் முள்ளுச் செடிதான் இருக்கிறது. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது கொட்டிலில் நின்று அசைபோட்ட அந்தக் காளை ஒன்றுதான். ஊரில் எல்லோரும் பெரிய பெரிய புள்ளி மாடுகளாக வாங்கிக் கட்டியபோதும் அவள் அசையவில்லை. ஸேகானுக்கு ஜோடியாக, வேறு வம்சத்து நாட்டுப் பசு ஒன்றையும் தேடிப்பிடித்துக் கன்றாகவே வாங்கினாள். அதுதான் ருமென்கா.

ருமென்கா வளர்ந்து பருவத்துக்கு வருவதற்குள் ஸேகானுக்கு வயதாகிவிட்டது. மாட்டு டாக்டர் மிலுங்கா டவுனில் இருந்து வந்து பார்த்து, "இந்த இனமே அழிஞ்சிட்டு வருது ஸும்ரா. காளை போறதுக்குள்ள விந்து எடுத்து உறைய வச்சிடலாம்" என்றார். லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் எடுத்தார்கள். கிழட்டுக் காளை, கிடைத்தது கொஞ்சம்தான். அதை முட்டை மஞ்சள் கருவோடும் கிளிசரினோடும் கலந்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகளில் அடைத்து உறைய வைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது, "என் காளைக்கே ஆம்லெட் போட்டுட்டீங்களா டாக்டரம்மா?" என்று பைரோ கேட்டான். குளிரில் செல் உடையாமல் இருக்கத்தான் அந்தக் கலவை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இவன் காதில் குளிர் என்ற சொல் மட்டும் விழுந்தது.

இலையுதிர் காலத்தில் ஈரப் புல் தின்று வயிறு ஊதி ஸேகான் செத்துப்போனான். ஸும்ரா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "விடு அக்கா, ருமென்கா வயித்துல ஒரு கன்னு தங்கிட்டா போதும். எங்கப்பா பட்டி மறுபடி கண்ணு முழிச்சிடும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அவ்வளவுதான் அவள் ஆசை. அந்தச் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கன்று.

குளிர்காலத்தில் எங்கள் பாதை எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால் டாக்டர் குச்சிகளை ஒரு சின்ன நைட்ரஜன் கேனில் வைத்து, கேனைப் பைரோ வீட்டுக் கொட்டில் அறையிலேயே விட்டுவைத்தார். ருமென்கா பருவத்துக்கு வருகிற நேரத்தில் தான் வந்து சினை ஊசி போடுவதாக ஏற்பாடு.

"பைரோ அண்ணே, மூடியைத் திறக்கக் கூடாது. உள்ள இருக்கிற நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகும், அது இயல்பு. பயந்து எதையும் செஞ்சிடாதீங்க. அடியில ஒரு விரல் அளவு இருந்தாலே குச்சிக்கு ஒண்ணும் ஆகாது. நான் வந்து ஊத்திக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஜனவரியில் பனிப்புயல் வந்தது. பாதை மூடியது, கரண்ட் போனது, போன் செத்தது. பைரோவுக்கோ கொண்டாட்டம். பள்ளத்தில் தெர்மாமீட்டர் முப்பத்தாறைத் தொட்டது. அவன் கத்திய கத்தலில் என் வீட்டுக் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை. அதே சமயம் கொட்டில் அறைக்குப் போய்க் கேனை ஆட்டிப் பார்த்திருக்கிறான். தளும்புகிற சத்தம் குறைந்திருக்கிறது. ஸும்ராவின் காளை ஆவியாகிப் போகிறதே என்று பயந்துபோனான். அந்தப் பயம் உண்மையான பயம், அதை நான் மறுக்க மாட்டேன். அத்தோடு நின்றிருந்தால் அவனைக் கும்பிட்டிருப்பேன். அவன் நேரே ஃபெஹிமிடம் போனான்.

ஃபெஹிம் எங்கள் ஊர்ச் சபைத் தலைவர். ஊர் எல்லையில் "குளிரின் தலைநகரம்" என்று பலகை வைக்க வேண்டும், உலகமே வந்து நடுங்க வேண்டும் என்பது அவர் லட்சியம். பலகைக்கு இடம் பார்த்தாகிவிட்டது, பாதை போடத்தான் ஆளில்லை. தலைவர் விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினாராம்.

"யோவ் பைரோ, உனக்குப் புத்தி இருக்கா? வெளிய இவ்வளவு குளிரைக் கொட்டி வச்சுக்கிட்டு, எவனோ டவுன்காரன் புட்டியில அடைச்ச குளிரை நம்பிக்கிட்டு இருக்கே! அவன் குளிரு ஒழுகுது. நம்ம குளிரு ஒழுகுதா?"

"அது ரொம்பக் குளிருன்னு டாக்டரம்மா சொன்னாங்களே தலைவரே."

"நம்மளதைவிடவா?"

இந்த ஒரு கேள்விக்கு எங்கள் ஊரில் பிறந்த எந்த ஆணும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். நாக்கு வராது.

அன்று மத்தியானம் இருவரும் பாலாடை டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலாடையை உறைய வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். குச்சிகள் எல்லாம் அதற்குள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தெர்மாமீட்டர்க் கட்டையின் கீழே பனியைத் தோண்டி டப்பாவைப் புதைத்துவிட்டு, ஒரு நாட்டு வேலை முடிந்த மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். ஸும்ராவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தானாம்.

பாதை திறந்த அன்று காலையில் ருமென்கா கத்த ஆரம்பித்தாள். பருவத்துக்கு வந்துவிட்டாள். அதே காலையில் பனி தள்ளும் வண்டியின் சத்தமும் கேட்டது. அதன் பின்னால் டாக்டரின் ஜீப், ஜீப்பின் பின்னால் டி.வி.காரர்களின் வேன். முப்பத்தாறு என்ற சேதி எப்படியோ தலைநகர் வரைக்கும் போயிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் பைரோ பள்ளத்துக்கு ஓடி, டப்பாவைத் தோண்டியெடுத்து, குச்சிகளைக் கேனில் திரும்பப் போட்டு மூடிவிட்டான். எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே வைத்தாயிற்று, பிறகென்ன என்ற எண்ணம்.

டாக்டர் கேனுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "அடியில இன்னும் நைட்ரஜன் இருக்கே! நல்லாப் பாத்துக்கிட்டீங்க பைரோ அண்ணே" என்றார். இவன் மீசையை நீவிக்கொண்டான்.

ஸும்ரா வெந்நீர் கொண்டுவந்தாள். டாக்டர் ஒரு குச்சியை எடுத்து, விரல் பொறுக்கிற சூட்டில் நீரை வைத்து அதில் போட்டு உருக்கினார். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த குச்சியை உருக்கினார். அதையும் பார்த்தார். மூன்றாவதை எடுக்கும்போது ஸும்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ருமென்கா பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கூட அசையலை" என்றார் டாக்டர்.

"குளிர்ல மரத்துப் போயிருக்கும். அடுப்புப் பக்கத்துல கொஞ்சம் வச்சா எழுந்துக்கும்" என்றான் பைரோ.

"அண்ணே, இது மரத்துப் போனது இல்லை. செத்துப் போனது. எடுத்தன்னைக்கு உருக்கிப் பாத்தேன், மீன் குஞ்சு மாதிரி ஓடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு?"

 பைரோ வாயே திறந்திருக்க மாட்டான். ஆனால் வாசலில் நின்றிருந்த ஃபெஹிமுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன நடந்துச்சா? உங்க புட்டி ஒழுகிப் போச்சு, நாங்கதான் காப்பாத்தினோம்! நம்ம பள்ளத்துல, பனிக்குள்ள, மைனஸ் முப்பத்தாறுல! ராஜா மாதிரி வச்சிருந்தோம் டாக்டரம்மா!"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"கேனுக்குள்ள மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு. அந்தக் குளிர்ல எல்லாம் அப்படியே நின்னுடும். ஐஸ் வளராது, செல் கெடாது, வயசுகூட ஏறாது. மைனஸ் முப்பத்தாறுங்கிறது அதுங்களுக்கு அடுப்படி. அந்தச் சூட்டுல ஐஸ் முழுசா உருகவும் செய்யாது, சும்மா கிடக்கவும் செய்யாது. பொடிப்பொடியா இருந்தது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும், செல்லோட தோலைக் கிழிக்கும். கிழியாத செல்லு, மிச்சத் தண்ணியில உப்பு கெட்டியாகி அதுலயே ஊறி வத்திப் போகும். நடுக் குளிருதாண்ணே ஆபத்து."

"நிலவறையில உறைஞ்ச உருளைக்கிழங்கு மாதிரியா?" என்று ஸும்ரா கேட்டாள். அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "மேல பாத்தா நல்லா இருக்கும். கையில எடுத்தா தண்ணியா ஒழுகும்."

"அதேதான் ஸும்ரா."

"எதையும் செய்யாம விட்டிருந்தா?"

டாக்டர் கண்ணாடிச் சில்லைத் துடைத்து வைத்தார். பிறகு, "உசுரோட இருந்திருக்கும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பால் வாளி இருந்தது, அதைத் தூக்கி இரண்டு பேர் மேலும் எறிந்திருப்பேன். ஸும்ரா என் கையை விடவில்லை. ஃபெஹிமோ வேறு ஒரு துக்கத்தில் இருந்தார்.

"அதாவது, நம்ம ஊர்க் குளிரு அடுப்படின்னு சொல்றீங்க?"

"தலைவரே, நான் செல்லைப் பத்திச் சொல்றேன்."

"செல்லோ கல்லோ! டவுன்ல இருந்து வந்து எங்க குளிரை எங்க ஊர்லயே வச்சுக் குறைவாப் பேசினா நாங்க கேட்டுக்கிட்டு இருக்கணுமா? சரக்கு கெட்ட சரக்கா இருந்திருக்கும். கிழட்டுக் காளை! குளிரு மேல பழி போடாதீங்க."

சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு டி.வி.காரர்களைக் கவனிக்கப் போய்விட்டார். டாக்டரும் பையை மூடினார். புள்ளிக் காளையின் குச்சி ஜீப்பில் இருக்கிறது, வேண்டுமானால் போடுகிறேன் என்றார். ஆனால் ருமென்கா சின்ன உடம்புக்காரி, கன்று பெரிதாகிவிட்டால் ஈனும்போது தாங்குவாளா என்று தெரியாது என்றும் சொன்னார். ஸும்ரா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

எல்லோரும் போனபின் அவள் பைரோவைப் பார்த்தாள். "எங்கப்பா வீட்டைக் கல்லு கல்லா எடுத்துக்கிட்டுப் போனவன்கூட என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டான்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

பைரோ அங்கேயே நின்றான். ஃபெஹிம் ஆளனுப்பினார், இவன் போகவில்லை. மறுபடி அவரே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளத்து ஓரத்தில் ஊரே கூடியிருந்தது. தலையில் ஆட்டுத்தோல் தொப்பியைக் கவிழ்த்து, அவனைக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மெல்லிசுச் செருப்பில் வந்து நின்ற டி.வி. பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது. ஸும்ரா தண்ணீர் வாளியோடு வேலியோரம் நின்றுவிட்டாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"பைரோ அண்ணே, சொல்லுங்க, உங்க ஊர்க் குளிரு எப்படி?" என்று மைக்கை நீட்டினாள் அந்தப் பெண்.

"போதாது" என்றான் பைரோ.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "அப்படிப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். ஃபெஹிமுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பெண்ணும் சிரித்தாள். "முப்பத்தாறு போதாதா? இன்னும் வேணுமா?"

"கொல்றதுக்குப் போதும்மா. காப்பாத்துறதுக்குப் போதாது. என் பொண்டாட்டியோட காளை ஒண்ணு பாக்கி இருந்துச்சு, குச்சிக்குள்ள. சும்மா விட்டிருந்தா பொழைச்சிருக்கும். எங்க குளிரு பெருசுன்னு நெனச்சு நான்தான் இங்க கொண்டாந்து புதைச்சுக் கொன்னேன். எங்ககிட்ட இருக்கிறது அரைக்குளிரு. இதை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் ஆடிட்டேன்."

சிரிப்பு நின்றது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்கூட இப்படி எங்களைப் பேசியதில்லை. கேமராக்காரன் கேமராவில் இருந்து கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தான். ஃபெஹிம் பாய்ந்து நடுவில் வந்தார். "அண்ணனுக்குக் குளிர்ல வாய் குழறுது, தமாஷ் பண்றாரு" என்று சொல்லி, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, பலகை வைக்கப்போகிற கதையை ஆரம்பித்தார். அன்று செய்தியில் வந்தது ஃபெஹிம் மட்டும்தான். பைரோவின் தொப்பி ஓரத்தில் தெரிந்தது.

அவன் மேடேறி வேலிப் பக்கம் வந்தான். ஊர் முழுக்க அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. காளையைக் கொன்றதற்காக இல்லை, குளிரைக் குறைத்துப் பேசியதற்காக. எனக்கு முதல்தடவையாக அவன்மேல் இரக்கம் வந்தது. ஸும்ரா இளகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இளகவில்லை.

"டி.வி.க்குச் சொல்லிட்டே. ஊருக்குச் சொல்லிட்டே. என்கிட்ட இன்னும் சொல்லலை, பைரோ."

அவன் தொப்பியைக் கழற்றினான். வாயைத் திறந்தான்.  உதடு நடுங்கியது. முப்பத்தாறில்கூட அவன் நடுங்கி நான் பார்த்ததில்லை.

"உன்னைக் கேக்காமப் பண்ணிட்டேன்" என்றான் கடைசியில். "உன்னுது அது. என்னுது இல்லை."

அவள் தலையை அசைத்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் கேட்கவும் இல்லை. வாளியை அவன் கையில் கொடுத்தாள்.

கொட்டிலில் ருமென்கா இன்னும் விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். "போ, அவ பக்கத்துல நில்லு. கத்தி ஓயுற வரைக்கும் யாராவது நிக்கணும்" என்றாள் ஸும்ரா. பைரோ வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பசுவின் கழுத்தைத் தடவியபடி நின்றான். கொடுப்பதற்கு அவன் கையில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.